ஞாயிறு ‘நலம்’ இணைப்பு: ஐந்துக்கு இரண்டு

கோவைப் பக்கம் கேரள எல்லையில் இருக்கும் ஆனைகட்டியில் வீட்டுக்கே பேப்பர் வரவழைத்து ஒரு வருஷம் ஆகிறது, பேர் வேண்டாம். போடுகிற பையன் மழையிலும் நேரத்துக்கு வந்துவிடுவான், அதில் குறையே இல்லை. ஞாயிறு வரும் எட்டுப் பக்க ஆரோக்கிய இணைப்புதான் பிரச்சினை. மூன்று பக்கம் மூட்டு மாற்று விளம்பரம், மீதியில் டயட், யோகா.

போன வாரம் ரத்தசோகைக்கு தினமும் மாதுளை, பேரீச்சை, பாதாம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அட்டப்பாடியிலிருந்து கூலி வேலைக்கு வரும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “மாதுளை கிலோ என்ன வெலை கண்ணு?” என்றார். சொன்னேன், சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளாவின் அட்டப்பாடி. சிசு மரணம் நாட்டிலேயே மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் ஒன்று கேரளா, அதே கேரளாவில்தான் 2013இல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்போது சேனல் வேன்கள் வரிசையாக நின்றன. நிலம் கைவிட்டுப் போனது, ராகியும் சாமையும் விளைந்த இடத்தில் ரேஷன் அரிசி வந்தது, தாய்மாரின் சத்துக்குறைவு, எல்லாம் பேசினார்கள். வேன் போனதும் பேச்சும் போச்சு. மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனக் குழு, பிறக்கும் வளரும் வேலை செய்யும் சூழலே உடல்நல ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்று 2008லேயே அறிக்கை கொடுத்தாகிவிட்டது. இந்த இணைப்பில் மட்டும் நோய் என்றால் இன்னும் அவரவர் சோம்பேறித்தனம்தான்.

இரண்டு நட்சத்திரமும் கடைசிப் பக்கக் குறுக்கெழுத்துக்கு. சந்தாவை நிறுத்தவில்லை, வடாம் காயப்போடக் காகிதம் வேண்டுமே.