பாப்கேட் பிடிக்க டெக்சஸா, விஸ்கான்சினா? நான் ஏன் கெடுபிடியான பக்கம் நின்றேன்

அமெரிக்காவில் பாப்கேட் என்கிற குட்டைவால் காட்டுப்பூனையைச் சட்டப்படி பிடிக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அமலில் உள்ள இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இதுவே முதல் அதிர்ச்சி. இரண்டாவது அதிர்ச்சி, மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மலைக்கும் மடுவுக்குமாக மாறுவது. நான் விஸ்கான்சினில் இருக்கிறேன், என் மச்சான் டெக்சஸில் இருக்கிறார். "அங்கே வருஷக்கணக்கா வரிசையில் நிற்கிறதுக்கு இங்கே வந்துடுங்க மாப்பிள்ளை" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வரிசையிலேயே நின்றேன். ஏன் என்பதற்கான கணக்கு இது. விஸ்கான்சின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எளிதான விஷயங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். டெக்சஸில் பாப்கேட்டுக்கு மூடிய காலம் (பிடிக்கக் கூடாத மாதங்கள்) கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. வேட்டை லைசென்ஸும் நிலத்துக்காரரின் சம்மதமும் இருந்தால் போதும். அந்த மாநிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம் என்பதால் சம்மதம்தான் உண்மையான லைசென்ஸ். விஸ்கான்சினில் பொறி வைக்கப் புதிதாக வருபவர் முதலில் அதற்கான வகுப்பை முடிக்க வேண்டும். அப்புறம் ஆகஸ்ட் 1க்குள் விண்ணப்பம், குலுக்கல், கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த முறை முன்னுரிமை தரும் ஒரு புள்ளி. அனுமதி கிடைத்தால் ஒரே ஒரு பாப்கேட். நெடுஞ்சாலை 64க்கு வடக்கே ஒரு மண்டலம், தெற்கே ஒரு மண்டலம். தெற்கு மண்டலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அனுமதி கைக்கு வந்ததும் சேர்த்த புள்ளிகள் பூஜ்ஜியமாகிவிடும். வசதி மட்டும்தான் அளவுகோல் என்றால் பேச்சே இல்லை, டெக்சஸ்தான்.

தோலின் விலையை வைத்தும் முடிவெடுக்க முடியாது. நல்ல பணம் நெவாடா மாதிரி மேற்குப் பகுதிப் பூனைகளுக்குத்தான். வெள்ளை வயிறும் அதில் தெளிவான புள்ளிகளும் இருக்க வேண்டும் என்பார்கள் வியாபாரிகள். டெக்சஸ், விஸ்கான்சின் இரண்டுமே அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கின்றன.

பொறியைப் போய்ப் பார்க்கும் விதி கொஞ்சம் முக்கியம். விஸ்கான்சினில் தரையில் வைத்த பொறியை ஒவ்வொரு நாளும் பார்த்தாக வேண்டும். ஜனவரியில், காற்று முகத்தை அறுக்கும்போதும், இதே விதிதான். டெக்சஸில் ரோம விலங்குகளுக்கு (ரோமத் தோலுக்காகப் பிடிப்பவை என்று சட்டம் பட்டியலிட்டவை) வைக்கும் பொறிக்கு 36 மணி நேரக் கெடு. ஆனால் பாப்கேட் அந்த ரோம விலங்குப் பட்டியலிலேயே இல்லை. 'வேட்டை விலங்கு அல்லாதவை' என்ற தனிப் பிரிவில் கயோட்டி என்கிற நரி போன்ற விலங்கோடும் மலைச்சிங்கத்தோடும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலைச்சிங்கத்துக்கே 36 மணி நேரக் கெடு 2024இல்தான் வந்தது. தினமும் போவது எரிச்சலான வேலைதான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கு விஸ்கான்சினில் எப்போதாவது கனடா லிங்க்ஸ் என்ற, பாப்கேட் போலவே தெரியும் பூனை எட்டிப் பார்க்கும். அது 2000இலிருந்து மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. பொறியில் விழுந்தது லிங்க்ஸ் என்றால் சேதமில்லாமல் விட்டாக வேண்டும், அதற்கு நேரத்தோடு போயிருக்க வேண்டும். வால் நுனி முழுக்கக் கறுப்பு என்றால் லிங்க்ஸ். மேலே கறுப்பு, அடியில் வெள்ளை என்றால் பாப்கேட். டெக்சஸின் தென்கோடியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அழியும் நிலையில் இருக்கும் ஆசலாட் பூனை வாழ்கிறது, அதற்கும் உடம்பெல்லாம் புள்ளி.

சரி, எனக்கு முடிவைத் தீர்த்து வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பிடித்த பிறகு யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் அது.

இரண்டு மாநிலத்திலும் தோலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டுவார்கள். பேச்சுவழக்கில் சைட்டிஸ் டேக். ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாது. மாநிலத்தின் பெயர்ச் சுருக்கமும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். இது வந்த கதை சுவையானது. பாப்கேட் அழிந்துகொண்டிருந்ததால் வந்த பட்டை அல்ல இது. 1977இல் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் (வணிகத்துக்குத் தடை இல்லை, கட்டுப்பாடு உண்டு) பூனைக் குடும்பம் முழுவதையும் சேர்த்தபோது பாப்கேட்டும் உள்ளே வந்தது. அரிய பூனைகளின் தோலை இதன் பெயரில் கடத்திவிடக் கூடாது என்ற பயமே அது இன்னும் பட்டியலில் இருக்க முக்கியக் காரணம். நீக்கச் சொல்லி அமெரிக்கா பிற்பாடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டுப் பார்த்தது, மற்ற நாடுகள் ஒப்பவில்லை.

இடையில் ஒரு வழக்கும் நடந்தது. எத்தனை பாப்கேட் இருக்கிறது என்ற நம்பகமான மதிப்பீடு இல்லாமல் ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 1981இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அப்படி ஒரு எண்ணிக்கை கட்டாயமில்லை என்றாக்கியது. இதன் விளைவைக் கவனியுங்கள். காட்டில் எத்தனை பூனை என்று எண்ணிச் சொல்லும் கட்டாயம் மத்திய சட்டப்படி எந்த மாநிலத்துக்கும் இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. இங்கேதான் டெக்சஸும் விஸ்கான்சினும் பிரிகின்றன.

டெக்சஸில் பட்டை தேவைப்படுவது தோல் மாநிலத்தை விட்டு வெளியே போகும்போதும் கை மாறும்போதும்தான். ஆட்டுப்பட்டிப் பக்கம் சுட்டுப் போட்ட பூனைக்கு எந்தக் கணக்கும் இல்லை. பிடித்தவர் நினைவுக்காக வீட்டில் தொங்கவிட்ட தோலும் கணக்கில் வராது. ஆக, அந்தப் பட்டைகளை எண்ணினால் சந்தைக்குப் போன தோல் எத்தனை என்று தெரியும், செத்த பூனை எத்தனை என்று தெரியாது. தோல் விலை ஏறிய வருடத்தில் எண்ணிக்கை ஏறும், விலை விழுந்தால் இறங்கும். அதைப் பார்த்துக் காட்டில் என்ன நடக்கிறது என்று சொல்வது, கல்யாண வீட்டு எச்சில் இலையை எண்ணி ஊர் ஜனத்தொகை சொல்வது மாதிரி.

விஸ்கான்சினில் பிடித்த 24 மணி நேரத்துக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிய வேண்டும். அப்புறம் வார்டனை, அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியை, நேரில் பார்க்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து ஐந்து நாளுக்குள் அது நடக்க வேண்டும். தோலை உரித்துத் தனியாகவும் உடலைத் தனியாகவும் கொண்டுபோக வேண்டும். வார்டன் தோலில் பட்டையைப் பூட்டுவார், உடல் இயற்கை வளத்துறைக்குப் போகும். ஒரு சின்னக் குறிப்பு: தோல் கட்டியாக உறைந்திருந்தால் பட்டை மாட்டுவது பெரும்பாடு, முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.

உடல் எதற்கு என்று கேட்கலாம். பல்லை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மர வளையம் போல வருட வளையங்கள் தெரியும், வயது கிடைத்துவிடும். பெண் பூனையின் கருப்பையில் இருக்கும் தழும்புகளிலிருந்து எத்தனை குட்டி உண்டாகியிருக்கும் என்று கணிக்கலாம். பிடிபட்டதில் குட்டிப் பூனைகள் எவ்வளவு, வளர்ந்த பெண் பூனைகள் எவ்வளவு என்ற விகிதம் மாறும்போது துறைக்கு முன்கூட்டியே ஒரு மணி அடிக்கும். அடுத்த வருடம் எத்தனை அனுமதி கொடுக்கலாம் என்பதில் அந்த விவரத்துக்குப் பங்கு உண்டு. அதாவது, என் வரிசையின் நீளத்தை முடிவு செய்வதில் எனக்கு முன்னால் பிடித்தவர் கொடுத்த பல்லுக்கும் ஒரு கை இருக்கிறது. எரிச்சல் படுவதை நிறுத்தியது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

இதில் சுயநலமும் உண்டு, மறைப்பானேன். கலிஃபோர்னியாவைப் பாருங்கள். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை ஒட்டி வைத்த பொறிகளால் கிளம்பிய கோபம் 2013இல் ஒரு பாதுகாப்புச் சட்டமாயிற்று. 2015இல் வனவிலங்கு ஆணையம் 3-2 என்ற வாக்கில் மாநிலம் முழுவதும் பாப்கேட் பொறியைத் தடை செய்தது. 2020 தொடக்கத்திலிருந்து வேட்டைக்கும் தடை. பூனைகள் எத்தனை இருக்கின்றன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது அந்த விவாதம் நெடுக வந்த வாதம். கொலராடோவில் பாப்கேட் தோலைத் துறையிடம் நேரில் காட்டி முத்திரை வாங்குவது கட்டாயம். அங்கே பாப்கேட், மலைச்சிங்க வேட்டையைத் தடை செய்யும் கேள்வி 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து, ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. ஒரு மாநிலத்தில் கணக்கு இருந்தது, மற்றதில் இல்லை, அதனால்தான் முடிவு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஊர் அரசியலும் வேறு. ஆனால் கேள்வி எழும்போது மேசையில் வைக்க ஏதாவது இருக்கிற மாநிலத்தில் இருக்கவே எனக்கு விருப்பம்.

டெக்சஸுக்கும் நியாயம் இருக்கிறது. அங்கே நான் பொறி வைத்ததில்லை, மச்சான் வைப்பதைப் பார்த்ததோடு சரி, அதனால் இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு, கோழி வளர்ப்பவருக்கு இது பொழுதுபோக்கு அல்ல. குலுக்கலில் பெயர் வரும்வரை பூனை காத்திருக்காது. முள்ளும் புதருமான அந்த நிலத்தில் பூனைகளுக்குக் குறைவில்லை என்று அங்கே இருப்பவர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். எல்லாமே தனியார் வேலிக்குள் நடக்கிற ஊரில் விஸ்கான்சின் மாதிரி கட்டாயப் பதிவு வந்தால் எத்தனை பேர் உண்மையாகப் பதிவார்கள் என்பதும் சந்தேகம்தான்.

அதையெல்லாம் யோசித்து டெக்சஸ்தான் என்று முடிவெடுத்தால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஊர் திரும்புவதற்கு முன்பே மாநில வனவிலங்குத் துறையின் அலுவலகத்திலோ அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடமோ தோலுக்குப் பட்டை வாங்கிவிடுங்கள். பட்டையில்லாத தோலோடு மாநில எல்லையைத் தாண்டினால், சட்டவிரோத வனவிலங்கு வணிகத்தைத் தடுக்கும் லேசி சட்டத்தின் கீழ் அது மத்திய அரசு வழக்காகவும் ஆகலாம்.