யோசனை கேட்க யாரிடம் போவது: கைடா, வெளியூர்ப் பேராசிரியரா, ஓய்வுபெற்றவரா?

பிஎச்.டி. முடியும் தறுவாயில், போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணி) போவதா, கல்லூரி வேலைக்கு விண்ணப்பிப்பதா என்று குழம்பினால் எல்லோரும் சொல்வது "கைடிடம் கேள்" என்றுதான். கேட்கலாம். நம் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அவர்; நம் வேலையை அவரளவுக்கு அறிந்தவர் இல்லை. ரெகமெண்டேஷன் லெட்டரும் அவர்தான் தர வேண்டும். ஆனால் பாதியில் நிற்கும் பேப்பர் ஒன்று இருந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கருவி ஓட்டிக் காட்ட லேபில் வேறு ஆளும் இல்லையென்றால், "இன்னும் ஒரு வருஷம் இரேன்" என்றுதான் பதில் வரும். அவர் பக்கத்துக் கணக்கு அது.

கருத்தரங்கின் டீ இடைவேளையில் பிடிக்கிற வெளியூர்ப் பேராசிரியர் "மெயில் பண்ணுங்க" என்று நகர்ந்துவிடுவார். தவிர, நாளைக்கு நம் தீசிஸ் அவரிடமே மதிப்பீட்டுக்குப் போகலாம். அவரிடம் நம் பலவீனத்தை எப்படித் திறந்து பேசுவது?

நான் போனது ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் வீட்டுக்கு. என் ஓட்டு அவருக்குத்தான். நான் எங்கே போனாலும் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். உட்கார்ந்ததும் "வீட்டுக்குச் சம்பளம் எப்போ தேவைப்படும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எந்த லேபில் மாணவர்கள் நிலைப்பதில்லை என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார்.

குறை ஒன்று உண்டு: விதிகளில் அவர் பழைய ஆள். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகப் பிஎச்.டி. கட்டாயம் என்ற விதி 2021 ஜூலையில் வர வேண்டியது. 2023 ஜூலைக்குத் தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. போஸ்ட்டாக் உதவித்தொகை தந்த மத்திய அரசு அமைப்பான எஸ்.இ.ஆர்.பி.யும், ஏ.என்.ஆர்.எஃப். என்ற புதிய தேசிய ஆய்வு நிதி அமைப்புக்குள் போய்விட்டது. இதையெல்லாம் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி ஓய்வுபெற்றவர்களுக்கு எழுதும் மெயிலில் நாலு வரி போதும்: யாருடைய மாணவர், எப்போது தீசிஸ் கொடுக்கிறோம், எதற்கும் எதற்கும் நடுவே குழப்பம், எப்போது வந்து பார்க்கலாம். "வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்" என்று கடைசியில் ஒட்டவேண்டாம். சிபாரிசுக்கு வந்த மெயில் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இது வேதியியல் பக்கத்து அனுபவம். தமிழ், வரலாறு மாதிரித் துறைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அப்புறம், போவதற்கு முன் கைடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.