மணிக்கோடு போட்ட பிளானர்: மலைப்புக்கு நல்ல மருந்து

நான் வாங்கிய பிளானரில் படமோ பொன்மொழியோ கிடையாது. ஏ5 அளவு, தேதி அச்சிடாத பக்கங்கள். விரித்து வைத்தால் இடது பக்கம் வேலைப் பட்டியலுக்கு. வலது பக்கத்தில் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அரை மணிக்கு ஒரு கோடு, ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு பத்தி, கீழே ‘நாளை’ என்று ஒரு கட்டம். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் போடுகின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு அந்த வலது பக்கத்தைப் பற்றியே சொல்கிறேன். காசு கொடுத்தது அதற்குத்தான்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் இடது பக்கம் இப்படி நிரம்பும்: விடைத்தாள், அடுத்த தேர்வுக்கு வினாத்தாள், செய்முறை ரெக்கார்டுகள், அப்பாவின் மருத்துவப் பரிசோதனை, மின்விசிறி ரிப்பேர், தங்கைக்குப் போன். ஆறும் ஆளுக்கு ஒரு வரி. படிக்கும்போது எல்லாம் இன்றைக்கே முடிக்க வேண்டியவை போலத் தோன்றும், எதைத் தொடுவது என்றே தெரியாது.

வலது பக்கத்தில் அவற்றுக்கு இடம் போடும்போதுதான் கணக்கு பிடிபடுகிறது. 40 விடைத்தாள், தாளுக்கு 6 நிமிடம், ஆக 4 மணி நேரம். அதாவது எட்டு கோடு. பள்ளி விட்டு வந்து, சமையல், சாப்பாடு போக அந்த மாலையில் மிஞ்சுவது நான்கு கோடு. சரி, 20 தாள் இன்றைக்கு, 20 தாள் நாளைக்கு. வினாத்தாள் சனிக்கிழமை காலைக்குப் போய்விடும். தங்கையுடன் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசலாம், அதற்குக் கோடே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இது முடிந்துவிடுகிறது. வேலை ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் மூச்சு சீராகிறது. இன்று எதைத் தொட வேண்டாம் என்பது எழுத்தில் இருக்கிறதே!

ஓரப் பத்தியையும் லேசாக எண்ண வேண்டாம். ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நான் அதில் எழுதுகிறேன். தாளுக்கு 6 நிமிடம் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஒரு வரி விடைகள் சட்டென்று ஓடிவிடும். சமன்பாட்டைச் சமன்செய்யும் கேள்வி வந்தால் நின்று பார்க்க வேண்டும், பிள்ளை எந்த இடத்தில் சறுக்கியது என்று கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். போன தடவை எவ்வளவு ஆனது என்ற குறிப்பு கையில் இருந்தால் இந்த இடைவெளி நன்றாகவே சுருங்கும்.

கீழே உள்ள ‘நாளை’ கட்டத்தைப் படுக்கப் போகும் முன் நிரப்புகிறேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களை வைத்துச் செய்த சோதனை 2018ல் வெளிவந்தது. அடுத்து செய்ய வேண்டியவற்றை 5 நிமிடம் எழுதிவிட்டுப் படுத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அதனால் ‘ஆய்வகம்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘முதல் பீரியடுக்கு முன் பியூரெட்டுகளைக் கழுவி வைக்கச் சொல்ல வேண்டும்’ என்று எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. தாள் மெல்லியது, ஜெல் பேனா மை மறுபக்கம் தெரிகிறது. பால்பாயின்ட்தான் சரிப்படும். பின்பக்கத்தில் மாத இலக்கு, பழக்க அட்டவணை என்று கத்தையாகத் தாளை வீணடித்திருக்கிறார்கள். அதற்குப் பதில் இன்னும் ஒரு மாதத்துக்கு நாள் பக்கங்கள் தந்திருக்கலாம். மூன்று மாதம் தள்ளி வரும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை எழுத இதில் இடமில்லை. காகிதம் மணியும் அடிக்காது. அதற்குப் போன் காலண்டர் இருந்தே ஆக வேண்டும். அப்புறம், கோடு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். தினமும் இரண்டு கோடு காலியாக இருந்தால்தான் எதிர்பாராமல் வரும் வேலை மற்றதைத் தள்ளிவிடாது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு 9 மணியோடு முடியும் பக்கம் உதவாது, 24 மணிக்கும் கோடு போட்டதைத் தேட வேண்டும்.

வேலையே அளவுக்கு மீறி இருந்தால் எந்தப் பிளானராலும் நேரத்தை உண்டாக்க முடியாது. ஆனால் அதை இன்னொருவருக்குக் காட்ட இது உதவுகிறது. ஒருமுறை நூலகக் கணக்கையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னபோது, அந்த வாரப் பக்கங்களை அவர் மேசையில் விரித்து வைத்து, “இதில் எதை எடுத்துவிட்டு இதைச் செய்யட்டும், சார்?” என்று கேட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வினாத்தாளை வேறொரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார். முடியாது என்று வாயால் சொல்லியிருந்தால் வாக்குவாதமாகியிருக்கும்.

வாங்குவதென்றால் தேதி அச்சிடாததையே பாருங்கள், ஒரு வாரம் எழுதாமல் விட்டாலும் பக்கம் வீணாகாது. மேசையில் தட்டையாக விரிந்து நிற்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். முதல் தடவைக்கு மூன்று மாதப் பிளானர் போதும்.