மூன்று வயதுக் குழந்தை முன் நிற்க எந்தப் படிப்பு?

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், ஊருக்கு ஊர் மின்கம்பங்களில் ஒரு விளம்பரம் தொங்கும்: ‘மழலையர் பள்ளி ஆசிரியர் ஆகலாம். ஆறே மாதம். வேலை உறுதி.’ பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பகலில் நேரம் கிடைத்த தாய்மார்கள், பட்டம் வாங்கியும் வேலை அமையாதவர்கள் என்று பலரும் முதலில் போன் செய்வது அந்த எண்ணுக்குத்தான். இதே வேலைக்கு இன்னும் நான்கைந்து வழிகள் இருக்கின்றன என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

குழப்பத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு உண்டு, எல்.கே.ஜி. ஆசிரியருக்கு இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2014-இல் வெளியிட்ட விதியில் மழலையர் ஆசிரியருக்கான தகுதி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண், அதோடு குறைந்தது இரண்டு ஆண்டு மழலையர் கல்விப் பட்டயம், இல்லையேல் மழலையர் பிரிவு பி.எட். ஆனால் தெருமுனை நர்சரிப் பள்ளிக்கு வந்து இந்தத் தாளைக் கேட்பவர் அரிது. கேட்பார் இல்லாத இடத்தில் ஆறு மாதச் சான்றிதழும் செல்லுபடியாகிறது.

ஆகவே இந்தப் படிப்புகளை நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். படிக்கும் காலத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க, எவ்வளவு நேரம் குழந்தைகளோடு பழக விடுகிறார்கள்? முடித்த பின் அந்தச் சான்றிதழை எங்கே நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள்? இரண்டுக்கும் நல்ல பதில் தரும் படிப்பு தமிழ்நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை.

மாண்டிசோரி: கைக்கு வரும் வித்தை

முதல் கேள்விக்கு மிக நல்ல பதில் மாண்டிசோரிப் பயிற்சியிடம் இருக்கிறது. இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் அடையாற்றை மறந்துவிடுகிறார்கள். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அங்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்கள் தங்கிப் போக வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. இத்தாலியர் என்ற காரணத்தால் மகன் மரியோவை 1940-இல் ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கோடைக்கானலில் கழித்த மாண்டிசோரி, அங்கும் குழந்தைகளோடுதான் இருந்தார். இந்திய மாண்டிசோரி இயக்கத்தின் முதல் தலைமுறை ஆசிரியர்கள் அவரிடமே நேரடியாகப் பயின்றவர்கள்.

அவர் 1929-இல் தொடங்கிய ஏ.எம்.ஐ. (சர்வதேச மாண்டிசோரிச் சங்கம்) அமைப்பின் பட்டயம்தான் இந்தத் துறையில் மதிப்பு மிக்கது. இரண்டரை முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான பயிற்சி, முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டு. அதில் என்னதான் செய்வார்கள்? பாயை விரிப்பது, சுருட்டுவது, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது என்று தொடங்குவார்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் குழந்தையின் கண் பின்தொடரும் வேகத்தில், பேச்சைக் குறைத்துச் செய்துகாட்டச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரம், விரலால் தடவி உணர உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் என ஒவ்வொரு கருவியையும் எப்படி எடுத்து வருவது, எந்தப் பக்கம் உட்காருவது, எந்த இடத்தில் கையை விலக்கிக்கொள்வது என்று பயிற்சி பெறுபவரே ‘ஆல்பம்’ எழுத வேண்டும். படம் வரைந்து, திருத்தி வாங்கி, சேர்த்துக் கட்டினால் தடித்தடியாக வரும். பெயர் சொல்லிக்கொடுப்பதற்கும் முறை உண்டு: ‘இது பெரியது’ என்று சொல்வது முதல் படி; ‘பெரியதைக் காட்டு’ என்பது இரண்டாவது; ‘இது எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது மூன்றாவது. நம் வகுப்பறைகளில் நேரே மூன்றாம் படிக்குத் தாவி, பதில் வராவிட்டால் திட்டுவதுதான் வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது கூர்நோக்கு. ஒரு மூலையில் வாய் திறக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு குழந்தை என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். ‘அடம் பிடிக்கிறான்’ என்று எழுதக் கூடாது. ‘மூன்று முறை மூடியைத் திறக்கப் பார்த்தான், நான்காம் முறை தரையில் வைத்துவிட்டான்’ என்று எழுத வேண்டும். இந்தப் பழக்கம் வந்தவரை நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடத்தில் அடையாளம் காணலாம். வேறெந்தப் படிப்பும் இதற்கு இத்தனை நேரம் ஒதுக்குவதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டணம் லட்சத்தைத் தாண்டும். பயிற்சி மையங்கள் பெருநகரங்களில்தான். பாடமும் ஆல்பமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். உயிர்மெய் எழுத்துகளுக்குக் கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் தனித்தனியே வெட்டி அடுக்கும் வேலை தமிழ் வகுப்பில் ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. முடித்துவிட்டு மாண்டிசோரிப் பள்ளியில் சேர்ந்தால் சரி. முப்பத்தைந்து குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்து நாலு கோடு நோட்டில் எழுதும் சாதாரண எல்.கே.ஜி.யில் சேர்ந்தால், கற்றதில் பாதியைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைக்க வேண்டிவரும். அரசு வேலைக்கு இந்தப் பட்டயம் மட்டும் போதாது.

இன்னொரு எச்சரிக்கை: ‘மாண்டிசோரி’ என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. பெயர்ப்பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வார இறுதி வகுப்பில், திரையில் கருவிகளின் படத்தைக் காட்டி ‘மாண்டிசோரி டிப்ளமோ’ கொடுக்கும் இடங்கள் பெருகியது அதனால்தான்.

இரண்டு ஆண்டுப் பட்டயங்கள்

சட்டம் கேட்கும் தாள் வேண்டுமென்றால் டி.பி.எஸ்.இ. எனப்படும் மழலையர் கல்விப் பட்டயம்தான் நேர்வழி. என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளியில் நேரடிப் பயிற்சியும் அதில் அடக்கம். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்கள் பால்வாட்டிகா என்னும் மழலையர் வகுப்புகளுக்கு ஒப்பந்த ஆசிரியர்களை எடுக்கும்போது கேட்பது இந்த வகைப் பட்டயத்தைத்தான். சிக்கல் ஒன்றே: தமிழ்நாட்டில் இதை நடத்தும் நிறுவனங்கள் மிகக் குறைவு. அங்கீகாரம் உண்டு என்று ஒரு நிறுவனம் சொன்னால், குழுமத்தின் இணையதளத்தில் அதன் பெயரையும் படிப்பின் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரு படிப்புக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி இன்னொரு படிப்புக்கு ஆள் சேர்ப்பது நடக்கிறது.

இது கிடைக்காததால் பலர் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கு, அதாவது ஊர் இன்னும் டி.டி.எட். என்றே அழைக்கும் டி.எல்.எட்.டுக்குப் போகிறார்கள். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் செலவு குறைவு, வகுப்பறைப் பயிற்சியும் ஒழுங்காக நடக்கும். பெற்றோர் கண்ணில் இதுவே ‘உண்மையான’ ஆசிரியர் படிப்பு. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு இதன் மதிப்பு சற்றுக் கூடியும் இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பின் கண் ஆறு வயதுக்கு மேலேயே இருக்கிறது. பென்சிலைப் பிடிக்கவே விரல் பலப்படாத குழந்தைக்கு என்ன கொடுப்பது, காலையில் அழுதுகொண்டே வரும் குழந்தையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதற்கெல்லாம் அதில் இடம் சொற்பம்.

அந்தப் பொருத்தமின்மையை அரசே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். மாற்றப்பட்டவர்கள் தங்களைத் தரம் இறக்கிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பிறகு அந்த வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர்களை 5,000 ரூபாய் மாதத் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். இரண்டு ஆண்டு படித்தவருக்கு 5,000 ரூபாய். மழலையர் கல்வியைப் பற்றிய மேடைப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொகைதான் நினைவுக்கு வருகிறது.

நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டில் 3 முதல் 8 வயதுக்கான அடிப்படை நிலைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவிகள் அதையும் விசாரிக்கலாம். விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் அந்தப் பிரிவு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்கு

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டி.இ.சி.இ. என்னும் மழலைப் பருவக் கவனிப்பு, கல்விப் பட்டயத்தையும் மின்கம்ப விளம்பரத்தின் என்.டி.டி. என்னும் நர்சரி ஆசிரியர் பயிற்சியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. முன்னது சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு போதும். குறைந்தது ஓர் ஆண்டு, தேவையானால் இழுத்தும் படிக்கலாம். குழந்தை வளர்ச்சி, மழலையர் மையத்தை நடத்துவது, உடல்நலமும் உணவும், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் என்று பாடங்கள் கனமானவை. மாண்டிசோரி மையங்கள் விட்டுவைக்கும் ஊட்டச்சத்தும் நோய்க்காலக் கவனிப்பும் இங்கே விரிவாக உண்டு. குழந்தைகளோடு செய்து எழுத வேண்டிய செயல்திட்டமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர் இல்லை. இரண்டு ஆண்டுப் பட்டயம் கேட்கும் வேலைக்கும் இது எட்டாது. ஏற்கெனவே ஒரு நர்சரியில் உதவியாளராக இருந்துகொண்டு மாலையில் படிப்பவருக்கு இதைவிட மலிவான நல்ல படிப்பு எனக்குத் தெரியவில்லை. வகுப்பறைக்கே போகாமல் இதை மட்டும் படிப்பவர் குழந்தைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வார், குழந்தைகளிடம் தடுமாறுவார்.

தனியார் என்.டி.டி.யில் தரம் ஆளுக்கு ஆள் மாறும். சொந்தமாகப் பள்ளி நடத்தும் ஒருவர், காலையில் வகுப்பில் நிறுத்தி மாலையில் பாடம் சொல்லித் தரும் இடங்கள் உண்டு. அங்கே சான்றிதழ் மெலிந்தாலும் வித்தை தேறும். சார்ட் ஒட்டுவதும் பொம்மை செய்வதுமே பாடத்திட்டமாக இருக்கும் இடங்களே அதிகம்.

அங்கன்வாடி: முதலில் வேலை, பிறகு பயிற்சி

இதைப் படிப்பாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2025-இல் 7,783 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, பணியாளருக்குக் கேட்ட தகுதி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, பொதுப் பிரிவுக்கு வயது 25 முதல் 35, உள்ளூர் அல்லது அருகில் வசிப்பவர். ஓர் ஆண்டு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதன் பின் 7,700–24,200 என்ற ஊதிய விகிதம். பல தனியார் நர்சரிகளின் ஆசிரியைகளுக்கு ஊதிய விகிதம் என்ற சொல்லே அந்நியம்.

பயிற்சி பணியில் சேர்ந்த பிறகு வருகிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற மாநிலப் பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருளாக, பாட்டும் கதையும் விளையாட்டுமாக அமைந்தது. பல தனியார் பள்ளிகளின் பணிநூல்களைவிட அந்த வயதுக்கு ஏற்றது. மத்திய அரசு 2023-இல் அறிவித்த ‘போஷண் பீ, படாயீ பீ’ (ஊட்டமும் படிப்பும்) திட்டத்தின் நேரடிப் பயிற்சியோ மூன்று நாள்தான். மூன்று நாளில் யாரும் ஆசிரியர் ஆக முடியாது. மீதியைக் குழந்தைகள்தான் கற்றுத் தருகிறார்கள், அதுவும் எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, பதிவேடு, கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது, இவற்றுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில். பல வயதுக் குழந்தைகளை ஒரே அறையில் சமாளிப்பதில் நல்ல அங்கன்வாடிப் பணியாளருக்கு இணையானவரை நான் பெரிய பள்ளிகளில் அதிகம் பார்த்ததில்லை.

யாருக்கு எது

கையில் பணமும் ஓர் ஆண்டு ஓய்வும் உள்ளவர், நகரத்தில் இருப்பவர், தனியார் பள்ளியிலோ சொந்தப் பள்ளியிலோ காலம் தள்ள நினைப்பவர் என்றால் ஏ.எம்.ஐ. பட்டயத்துக்குப் போகலாம். மத்திய அரசுப் பள்ளிகளின் ஒப்பந்த வேலையைக் குறிவைப்பவர் வெளிமாநிலம் போயாவது டி.பி.எஸ்.இ. முடிக்கட்டும். கிராமத்தில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு என் பரிந்துரை, அங்கன்வாடி அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் டி.இ.சி.இ. படித்துக்கொண்டு, பக்கத்து நர்சரியில் சம்பளம் குறைவானாலும் ஒரு வருடம் உதவியாளராக இருப்பது. டி.எல்.எட்.டை, தொடக்கப் பள்ளிக்கே போக விரும்புபவர்கள் மட்டும் எடுக்கட்டும்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் செய்முறை வகுப்பு நடக்கும் பள்ளியின் பெயரைக் கேட்டு, ஒரு காலை நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சி பெறுபவர்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்களா, சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளியின் பெயரைச் சொல்லவே தயங்கினால், விண்ணப்பப் படிவத்துக்குக்கூடப் பணம் கொடுக்க வேண்டாம்.