எதிர்க்கரையில் வீடு தெரியும்: ‘தொ நிசி’ தொடரோடு பன்னிரண்டு ஆண்டுகள்

முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை மூன்று முறை முழுதாகப் பார்த்த தொடர் எனக்கு இது ஒன்றுதான். நான்காவது முறை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ‘தொ நிசி’ என்றால் கிரேக்கத்தில் ‘தீவு’. நமக்கு நிசி என்றால் நடு இரவு. 2012இல் தோழி ஒருத்தி பெயரைச் சொன்னபோது ஏதோ இரவுக் கதை என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் காட்சியிலேயே கண் கூசும் வெயில், நீலக் கடல், அதன் நடுவே மஞ்சள் கல்லில் ஒரு கோட்டை.

விக்டோரியா ஹிஸ்லப் என்ற ஆங்கில எழுத்தாளரின் 2005ஆம் ஆண்டு நாவல்தான் மூலம். மெகா என்ற கிரேக்கத் தனியார் அலைவரிசை 2010 அக்டோபரில் தொடங்கி 2011இல் முடித்தது. மொத்தம் 26 பகுதிகள். இயக்கம் தியோடோரிஸ் பாபடூலாகிஸ், இசை மினோஸ் மாட்சாஸ். கிரேக்க நாடு கடனில் மூழ்கி முதல் மீட்புக் கடனை வாங்கிய ஆண்டு அது. அந்தச் சமயத்தில், அதுவரை அங்கே எடுத்த தொடர்களிலேயே அதிகச் செலவு பிடித்தவற்றில் ஒன்றாக இதை எடுத்தார்கள். அந்தச் செலவு திரையில் ஆடம்பரமாகத் தெரியாது. கல் வீட்டின் சுண்ணாம்புச் சுவர், பழைய வலை, பலமுறை துவைத்து வெளுத்த துணி என்று தெரியும்.

கதை நடப்பது கிரீட் தீவின் கிழக்கே, எலூந்தாவுக்குப் பக்கத்தில் பிளாகா என்ற சின்ன மீனவ ஊரில். அதற்கு நேர் எதிரே ஸ்பினாலோங்கா. 1579இல் வெனிஸ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1715இல் துருக்கியர் கைக்குப் போனது. 1903இல் கிரீட் அரசு அதைத் தொழுநோயாளர் குடியிருப்பாக்கியது. முதலில் கிரீட் நோயாளிகள், பிறகு கிரேக்கம் முழுவதிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். 1957 வரை அப்படியே இருந்தது. கரையிலிருந்து படகில் போகப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இந்தத் தொடர் என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பத்து நிமிடம்தான். நாடு கடத்தப்பட்டவர்களின் கதை நிறைய இருக்கிறது. அவற்றில் பிரிந்தவர்கள் எங்கோ கண்காணாத தூரத்தில் இருப்பார்கள். இங்கே அப்படியில்லை. அம்மா தீவில் இருக்கிறாள், மகள்கள் கரையில் இருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரிகிறது, கூப்பிட்டால் மட்டும் கேட்காது. கேமரா இதை ஒருபோதும் மறப்பதில்லை. சமையலறையில் மூத்த மகள் ஆன்னா அப்பாவோடு சண்டை போடும்போதும் சன்னலுக்கு வெளியே ஓரத்தில் அந்தத் தீவு நிற்கும். முதல் தடவை நான் இதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் தடவை கவனித்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம். 1939. எலெனி ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கும் அவளிடம் படிக்கும் திமித்ரிஸ் என்ற பையனுக்கும் நோய் இருப்பது தெரிகிறது. கணவர் யோர்கிஸ் மீனவர். தீவுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் படகும் அவருடையதுதான். மனைவியையும் அந்தப் பையனையும் அதே படகில் ஏற்றி அவரே கொண்டுபோய் விடுகிறார். வீட்டில் ஆன்னா, மரியா என்று இரண்டு பெண்கள். வருடங்கள் போகின்றன, போர் வந்து போகிறது. மூத்தவள் பணக்காரப் பண்ணை வீட்டுக்கு மருமகளாகிறாள். இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கும் நேரத்தில் அவள் உடம்பிலும் தேமல்.

அந்த மனிதர் இரண்டாவது முறை படகை அவிழ்க்கிறார். ஸ்டெலியோஸ் மைனாஸ் யோர்கிஸாக நடித்திருக்கிறார். எலெனியாக வரும் கதெரினா லெஹூவின் முகம்தான் முதல் தடவை பார்த்தபோது மனதில் நின்றது. இப்போது கேட்டால் மைனாஸின் கைகளைச் சொல்வேன். பேச்சு குறைவான பாத்திரம். கயிற்றை அவிழ்ப்பது, துடுப்பை எடுப்பது, பெட்டியை இறக்குவது, இதெல்லாம்தான் அவர் நடிப்பு. மனைவியைக் கொண்டுபோனபோது முடிச்சை அவிழ்த்த கைகளையும் மகளுக்காக அவிழ்க்கும் கைகளையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் பதினைந்து வருடம் என்ன செய்திருக்கிறது என்று புரியும். முதுமைக்கு ஒப்பனை போட்டதை நான் சொல்லவில்லை. அவசரம் போய்விட்டிருக்கும்.

தீவுக்குள் நடப்பதுதான் இந்தத் தொடரின் பெரிய கொடை. நோய் வந்தவர்கள் என்றால் அழுதுகொண்டும் ஜெபித்துக்கொண்டும் சாவுக்குக் காத்திருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே கடைத்தெரு இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. எலெனி அங்கே போய் மறுபடி டீச்சராக வேண்டும் என்றால், ஏற்கெனவே அங்கிருக்கும் டீச்சரம்மாவின் பொறாமையைச் சமாளிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சண்டை, காதல், கோவில் திருவிழா, தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் உண்டு. தண்ணீர் உண்மையிலேயே பெரிய பாடுதான். அந்தப் பாறையில் ஊற்று கிடையாது, மழைநீர்த் தொட்டிகளும் கரையிலிருந்து வருவதும்தான். தீவிலிருந்து வெளியே போகும் பொருளையும் பணத்தையும் கிருமி நீக்கித்தான் அனுப்பினார்கள். ஒரு கடிதம் எதிர்க்கரை போய்ச் சேருவதற்குள் என்னவெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது என்பதை இந்தத் தொடர் பொறுமையாகக் காட்டுகிறது.

ஏதென்சிலிருந்து ஒரு நோயாளிக் கூட்டம் வந்து சேர்கிறதே, அங்கிருந்து தீவின் முகமே மாறுகிறது. அவர்களில் ஒருவர் வழக்கறிஞர் பாப்பாதிமித்ரியு. மின்சாரம், நல்ல வீடு, திரைப்படம் என்று அரசாங்கத்திடம் கேட்டுக்கேட்டு வாங்குகிறார்கள். இது கற்பனை இனிப்பு என்று முதலில் எனக்குச் சந்தேகம். பிறகு தேடிப் படித்தேன். எபாமினோன்தாஸ் ரெமுந்தாகிஸ் என்ற சட்டக் கல்லூரி மாணவர் 1936இல் உண்மையாகவே ஸ்பினாலோங்காவுக்கு வந்தார். நோயாளிகளின் சங்கம் ஒன்றை அமைத்தார். வீடுகளுக்கு வெள்ளையடிப்பதிலிருந்து நாடகம், சினிமா வரை கொண்டுவந்தார். கடைசிவரை உரிமை பேசினார். அவரைப் பற்றிப் படித்த பிறகு மூன்றாம் முறை பார்த்தேன். அந்த முறை சகோதரிகளின் காதல் விவகாரம் பின்னால் போய்விட்டது. ஊர்க்கூட்டக் காட்சிகளையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அந்த மூன்றாம் முறை பக்கத்தில் அப்பா இருந்தார். அதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றி என்னால் எழுத முடியாது. அப்பா செங்கல்பட்டுப் பக்கம் லெப்ரசி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். தேமல் இருந்தால் இறகால் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார், மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். எங்கள் வீட்டில் ‘பெருவியாதி’ என்ற சொல்லைச் சொன்னால் திட்டு விழும். தொழுநோய் என்றுதான் சொல்ல வேண்டும். கிரேக்கத்திலும் அதே கதைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ‘லெப்ரா’ என்ற பழைய சொல் வசையாகிவிட்டதால், நோய்க்கிருமியை 1873இல் கண்ட நார்வே மருத்துவர் ஹான்சனின் பெயரால் அழைப்பதையே அவர்கள் விரும்பினார்கள்.

தேமலைக் கண்டுபிடிக்கும் காட்சியில் அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்துகொண்டார். “அந்தப் பொண்ணு முகத்தைப் பாரும்மா. வலிக்கலைன்னு சொல்லும்போதுதான் அவங்களுக்கு பயம் வரும். வலிச்சா நல்லதுன்னு நாங்க சொல்லுவோம்” என்றார். பிறகு மருந்து வரும் பகுதிகள். 1940களில் முதலில் ஊசியாகப் புரோமின், அப்புறம் டாப்சோன். டாப்சோனை ஆரம்பத்திலேயே பயன்படுத்திப் பார்த்த இடங்களில் செங்கல்பட்டும் ஒன்று. ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அங்கேதான் இருந்தார். அப்பா பையில் வருடக்கணக்காக இருந்த மாத்திரையின் பெயர் கிரேக்க மொழி வசனத்தில் காதில் விழுந்தபோது அவர் ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியைத் திருப்பிப் போட்டார். இன்னொரு முறையும் போட்டார்.

குணமான பிறகு என்ன என்பதையும் இந்தத் தொடர் விடவில்லை. 1957இல் தீவு காலியாகிறது, எல்லாரும் படகேறுகிறார்கள், கரையில் கொண்டாட்டம். ஆனால் ஒவ்வொருவரையும் அழைத்துப்போக ஆள் வந்திருக்கிறதா என்று கேமரா தேடுகிறது. அந்த இடத்தில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, “கையெழுத்துப் போட்டுக் குணமாயிட்டாங்கன்னு அனுப்புவோம். வீட்டுல சேர்த்துக்கலைன்னு திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பாங்க” என்று மட்டும் சொன்னார்.

சரி, புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் இரண்டு பகுதிகளில் பெயர் குழப்பும். மனோலிஸ் என்று அறிமுகமான ஆளை எல்லாரும் ‘மனோலி’ என்கிறார்கள், யோர்கிஸ் ‘யோர்கி’ ஆகிவிடுகிறார். யார் யார் என்று நான் தாளில் எழுதி வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கிரேக்கத்திலும் நம்மைப் போலவே விளி வேற்றுமை உண்டு. முருகன் முருகா ஆவது மாதிரி, கூப்பிடும்போது ஆண் பெயரின் கடைசி ‘ஸ்’ விழுந்துவிடும். ஆங்கிலத் துணைவரியில் எப்போதும் மனோலிஸ் என்றே போட்டிருப்பார்கள், காதில் மனோலி. இதைப் பிடித்துக்கொண்டால் யார் யாரை அழைக்கிறார்கள், யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது துணைவரி இல்லாமலே புரியத் தொடங்கும். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

துணைவரியைப் பற்றி இன்னொன்று. நான் முதலில் வாங்கிய வட்டில் ஆங்கிலத் துணைவரியே இல்லை. இருக்கும் என்று விற்றவர் உறுதியாகச் சொல்லியிருந்தார்; பணமும் திரும்பி வரவில்லை. நான்கு பகுதிகளை மொழி தெரியாமலே பார்த்தேன். அது வீண்போகவில்லை என்றே இன்றும் சொல்வேன். இந்தத் தொடரில் பாதி விஷயம் ஒலியிலும் இடைவெளியிலும் இருக்கிறது. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம், ஆட்டு மணி, முழங்கால்மேல் நிறுத்தி வில்லால் வாசிக்கும் கிரீட்டின் லிரா. வாங்குவதற்கு முன் துணைவரி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆன்னாவுக்கும் அவள் கணவனின் உறவினன் மனோலிஸுக்கும் இடையிலான கள்ள உறவு நடுப்பகுதியில் அளவுக்கு மேல் இடம் பிடிக்கிறது. ஒரே திருட்டுச் சந்திப்பு வேறு வேறு வெளிச்சத்தில் திரும்ப வருகிறது. தீவில் என்ன ஆயிற்று என்று மனம் தவிக்கும்போது பண்ணை வீட்டுத் திரைச்சீலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. லண்டனிலிருந்து குடும்ப ரகசியம் தேடி வரும் அலெக்சிஸின் இந்தக் காலக் கதையும் எனக்கு ஒட்டவில்லை. நான்காம் முறையில் அந்தக் காட்சிகளை ஓட்டிவிடுகிறேன். ஆன்னாவை மட்டும் ஓட்டுவதில்லை. முதல் தடவை பார்த்தபோது அவளைக் கெட்டவள் என்று நினைத்தேன். பத்து வயதில் அம்மாவைப் படகில் ஏற்றி அனுப்பிய வீட்டிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்று துடிக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. அவள் செய்வது சரி என்று சொல்ல மாட்டேன். அவள் சன்னல் பக்கம் உட்காரும்போதெல்லாம் முதுகைத் தீவுக்குக் காட்டித்தான் உட்காருகிறாள் என்று மூன்றாம் முறைதான் பார்த்தேன்.

ஹிஸ்லப் 2020இல் நாவலுக்குத் தொடர்ச்சி எழுதினார். அதையும் கிரேக்க அரசுத் தொலைக்காட்சி தொடராக எடுத்திருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை. இவர்களின் முகம் மனதில் இருக்கும்போது வேறு முகங்களை வைக்க மனம் வரவில்லை.

ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். இரவுக்கு ஒரு பகுதி போதும். நாங்கள் இந்த முறை அப்படித்தான் பார்க்கிறோம். தீவு காலியான பிறகும் இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய சடங்கு பாக்கி இருக்கிறதென்று ஒரு பாதிரியார் மட்டும் 1962 வரை அங்கே தங்கியிருந்தார் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். “தனியாவா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணாராம்?” என்று கேட்டார். யாராவது படகில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்றேன். “கொடுத்திருப்பாங்க, கொடுத்திருப்பாங்க” என்றபடி விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த பகுதியைப் போடச் சொன்னார்.