உச்சியிலிருந்து உச்சிக்குத் தடமில்லாமல்: முகடா, சரிவா, பள்ளமா?

ஊதியூர் மலை, கஞ்சமலை போன்ற கொங்கு நாட்டு வறண்ட மலைகளில் ஓர் உச்சியில் நின்றால் பக்கத்து உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கோயிலுக்கோ சுனைக்கோ வந்த தடம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கப்பால் சூரை, இண்டு என்ற முட்கொடிகளும் உசில் மரமும் உருட்டுப் பாறையும்தான். அதைக் கடக்க மூன்று வழி உண்டு: முகட்டைப் பிடித்துக் கணவாயில் (இரண்டு உச்சிக்கும் நடுவே முகடு தாழும் இடம்) இறங்கி ஏறுவது, உயரம் குறையாமல் சரிவோடு சுற்றிப் போவது, பள்ளத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுவது.

முதலில் அனுமதி. இந்த மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. மாவட்ட வன அலுவலகத்தில் கேட்கும்போது ஏறும் இடம், கடக்கும் கணவாய், இறங்கும் இடம் மூன்றையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களில் தடம் விட்டு நடக்கும் எண்ணமே வேண்டாம். யானை நடமாடும் புதரில் பத்தடிக்கு அப்பால் நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒப்பிடுவதற்கு ஒரு கணக்கு போட்டுக்கொள்வோம். உச்சிகளுக்கு நடுவே நேர்கோட்டில் 2 கி.மீ. கணவாய் 200 மீட்டர் தாழ்வு, அடிவாரம் 500 மீட்டர் தாழ்வு. முகட்டு வழி வளைந்து 2.3 கி.மீ. வரும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்குப்படி மணிக்கு 5 கி.மீ. நடை, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 48 நிமிடம்தான். அது நல்ல தடத்துக்குப் பொருந்தும். முள்காட்டில் மணிக்கு 1 கி.மீ. போனாலே நல்ல நடை. ஏற்றத்தையும் சேர்த்தால் 2 மணி 40 நிமிடம் ஆகும், நின்று வழி பார்ப்பது தனி. அடிவாரம் வரை தடத்திலேயே இறங்கி, ஊரோரமாக நடந்து, அடுத்த மலையின் தடத்தில் ஏறினால் 7 கி.மீ., 500 மீட்டர் ஏற்றம். நெய்ஸ்மித் கணக்கில் அது 2 மணி 15 நிமிடம்தான். தடமில்லா வழி நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆனாலும் போவதென்று முடிவு செய்தால் முகடுதான் என் முதல் தேர்வு. மண் ஆழம் குறைவு, காற்று அதிகம் என்பதால் முகட்டில் புதர் அடர்த்தி பெரும்பாலும் குறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், செல்போன் சிக்னலும் கிடைக்கும். வழி தவறுவது இறங்கும்போதுதான். ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் ஓர் உச்சியில் வந்து சேரும். இறங்கும்போது அதே முகடுகள் விரல் விரித்தாற்போலப் பிரியும். அதனால் எந்த உச்சியிலிருந்து தொடங்குவது என்பதே திட்டத்தின் பாதி. கணவாயை நோக்கிக் கிளை அதிகமாகப் பிரியும் மலையை ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒற்றை முகடாக இறங்கும் மலையிலிருந்து கிளம்புங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நின்று திசைகாட்டியைப் பாருங்கள். கஞ்சமலையில் மட்டும் அதை நம்ப முடியாது. அங்கே பாறையிலேயே காந்த இரும்புத் தாது இருப்பதால் முள் விலகும். ஜிபிஎஸ்ஸையும் கண்ணையும் வைத்தே திசை பிடிக்க வேண்டும்.

முகட்டை மறிக்கும் இன்னொன்று செங்குத்துப் பாறை. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகளின் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடைவெளி 20 மீட்டர். 15 மீட்டர் பாறை இரண்டு கோட்டுக்கு நடுவே சுவடே இல்லாமல் ஒளிந்துகொள்ளும். அதற்குச் செயற்கைக்கோள் படம் வேண்டும், அதுவும் இரண்டு பருவத்துக்கு. மார்ச் மாதப் படத்தில் இலை உதிர்ந்து பாறை வெளியே தெரியும். டிசம்பரில் பச்சையாகவும் மார்ச்சில் வெளிறியும் இருப்பது பெரும்பாலும் புல்வெளி. மார்ச்சிலும் பச்சை மாறாத கோடு பள்ளத்தின் ஈரம். பாறையடியில் மலைத்தேன் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் விலகி, தூரமாகச் சுற்றிப் போங்கள்.

சரிவோடு சுற்றுவது காகிதத்தில்தான் அழகு. 200 மீட்டர் இறங்கி ஏறுவது மிச்சம் என்று தோன்றும். சரிவில் ஓடும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே போய் வெளியே வருவதால் 2 கி.மீ. மூன்றரை ஆகிவிடும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று மணிக்கணக்கில் நடந்தால் கணுக்கால் தாங்காது. புதர் தள்ளும் பக்கமெல்லாம் உடம்பு தன்னையறியாமல் கீழே இறங்கும். உயரமானியைக் கால் மணிக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் 60, 70 மீட்டர் இழந்த பிறகுதான் தெரியும். முகட்டில் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ள மட்டும் இந்த வழி போதும்.

பள்ளத்தில் நிழல் உண்டு, சில நேரம் தண்ணீரும் உண்டு. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் பின்னிக் கிடப்பதும் அங்கேதான், கரடி பகலில் படுத்திருப்பதும் அங்கேதான். காய்ந்த அருவிப் பாறையில் சறுக்கி இறங்கிவிடலாம். கீழே இன்னொன்று இருந்தால் மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. கீழிருந்து ஒருமுறை ஏறிப் பார்க்காத பள்ளத்தில் மேலிருந்து இறங்காதீர்கள். ஏறும்போதும் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவர் ஓரம் ஒதுங்கிய பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். உருளும் கல் பள்ளத்தின் நடுவிலேயே ஓடி வரும்.

முள்ளைப் பற்றி ஒன்று. சூரை, இண்டு இரண்டின் முள்ளும் கொக்கி போல வளைந்தது. மாட்டியதும் முன்னால் இழுத்தால் சட்டையும் தோலும் கிழியும். ஓரடி பின்வாங்கினால் தானே கழன்றுவிடும். ஊசிப்புல் விதை காலுறையில் குத்தினால் உடனே பிடுங்க வேண்டும். வேர்வை பட்டதும் அதன் வால் முறுக்கு அவிழ்ந்து, திருகாணி மாதிரி உள்ளே இறங்கும். கெட்டித் துணியில் முழுக்கால் சட்டை, அதன்மேல் முழங்கால் வரை உறை, கைக்குத் தோல் கையுறை. கொடுவாள் வேண்டாம், காப்புக்காட்டில் செடி வெட்டுவதும் குற்றம்.

காலம் டிசம்பர், ஜனவரி. பிப்ரவரி நடுவுக்குப் பிறகு புல் காய்ந்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மேல்நோக்கி ஓடித் தப்ப முடியாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், சுனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குங்கள். 11 மணிக்குக் கணவாயைத் தொடவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். டிசம்பரில் மாலை 6 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், முள்காட்டில் டார்ச் வெளிச்சம் முன்னால் இருக்கும் புதரைத் தாண்டாது.