உலக சுகாதார நிறுவனமா, யுனிசெஃப்பா?

தடுப்பூசித் திட்டத்துக்கு யாரிடம் போவது என்று தொண்டு நிறுவன நண்பர்கள் பலர் குழம்புகிறார்கள்.

அமைப்பு: சுகாதார நிறுவனம் 1948-ல் உருவானது, அதன் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் ஜெனீவாவில் கூடித் தீர்மானிக்கும். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பை நடத்துவது 36 நாடுகளின் நிர்வாகக் குழு.

பணம்: முன்னதற்குச் சந்தாவும் நன்கொடையும், பின்னதற்கு நன்கொடை மட்டும்தான்.

வேலை: இங்கேதான் பெரிய வித்தியாசம். தடுப்பூசிக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் அது கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் ஊசி போடக் கூடாது. அப்படித் தரம் வகுப்பது சுகாதார நிறுவனம். குப்பிகளை மொத்தமாக வாங்கி, குளிர் குறையாமல் அனுப்புவது யுனிசெஃப்.

அதனால் வழிகாட்டுதலும் பயிற்சியும் வேண்டுமா? முன்னது. சரி, மருந்தே கைக்கு வரணுமா? யுனிசெஃப்பைத்தான் முதலில் அணுகச் சொல்வேன்.